பலாலி – சென்னை 355 கிலோமீற்றர்தான், பிறகு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

கோப்பாய்ப்பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவைக் கண் வைத்தியத்துக்கு இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வருத்தமும் இருக்கிறது. நான் லண்டனில் இருக்கிறேன். ஊருக்கு வந்து, அங்கிருந்து அவருடன் சேர்ந்து போவதுதான் திட்டம்.

இணையத்தில் தேடினால் தலை சுற்றுகிறது. யாழ்ப்பாணம் (பலாலி விமான நிலையம்) – சென்னை வான்வழித் தூரம் 354 கி.மீ. என்பதில் எல்லாத் தளங்களும் ஒத்துப்போகின்றன. நேரம்தான் ஆளுக்கொன்று. ஒரு தளம் அரை மணி நேரத்துக்கும் குறைவு என்கிறது, இன்னொன்று ஒரு மணி நேரம் என்கிறது, விமான நிறுவனத்தின் அட்டவணையில் ஒரு மணி 15 நிமிடம் என்று இருக்கிறது. மாமாவோ, "பலாலிக்கு வருவது சின்ன விமானம், கொழும்புக்குப் போய் ஜெட்டில் போனால் சுகம்" என்கிறார். அம்மாவால் காலை மடக்கியபடி நெடுநேரம் இருக்க முடியாது. அதனால்தான் நேரத்தைப் பற்றி இவ்வளவு கேட்கிறேன். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்தாம்பாகை

அக்கா, தூரம் சரிதான். அதை நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். பலாலி விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு 9 பாகை 47 கலையில் இருக்கிறது, சென்னை மீனம்பாக்கம் 12 பாகை 59 கலையில் (ஒரு பாகைக்கு 60 கலை). இரண்டுமே கிழக்கு 80 பாகைக் கோட்டை ஒட்டி இருப்பதால் கிட்டத்தட்ட நேர் வடக்காகத்தான் போக வேண்டும். வித்தியாசம் 3 பாகை 12 கலை, அதாவது 192 கலை. அகலக்கோட்டில் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் 355 கி.மீ. பக்கத்தில் வரும்.

இதே முறையில் வேறு இடங்களையும் கணக்குப் பார்த்தேன். பலாலியிலிருந்து கொழும்புப் பக்கத்து நிலையங்களான கட்டுநாயக்கா ஏறக்குறைய 290 கி.மீ., இரத்மலானை 330; திருச்சி 185. கட்டுநாயக்காவிலிருந்து சென்னை 645.

ஒரு விஷயம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. கட்டுநாயக்காவையும் சென்னையையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்தால் அந்தக் கோடு யாழ்ப்பாண நகரத்துக்கு மேலாகத்தான் போகிறது. அப்படியென்றால் கொழும்பு வழியாகப் போகிறவர், தெற்கே அவ்வளவு தூரம் இறங்கிப் போய், விமானம் ஏறி, தன் வீட்டுக் கூரைக்கு மேலாகத் திரும்பி வடக்கே போகிறார். எத்தனை வருடமாக எங்கள் ஊர்ச் சனம் இப்படி அலைந்திருக்கிறது!

ஓடுபாதை23

விமான நிறுவனம் ஒன்றின் தரைச்சேவைப் பக்கத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன் நான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பிள்ளை பொறுமையாக வாசிக்க வேண்டும்.

தூரம் காட்டும் தளங்கள் எல்லாம் தூரத்தை மணிக்கு 800 கி.மீ. போன்ற ஒரு ஜெட் வேகத்தால் வகுக்கின்றன. 355ஐ 800ஆல் வகுத்தால் 27 நிமிடம் வரும். அரை மணிக்கும் குறைவு என்று நீங்கள் பார்த்தது அதுதான். சில தளங்கள் ஏறி இறங்குவதற்கென்று அரை மணி நேரத்தைச் சேர்க்கும், அதுதான் அந்த ஒரு மணி நேரம். இரண்டிலும் உங்கள் விமானம் இல்லை. பலாலிக்கு வருவது ஏ.டி.ஆர். 72. இரண்டு விசிறி வைத்த டர்போபுரொப், எழுபது சொச்சம் இருக்கைகள், நடுவானில் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் பறக்கும்.

அட்டவணையில் போடும் நேரம் வேறு வகை. விமானத்தின் சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுக்கும் நொடியிலிருந்து, போய்ச் சேரும் இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நொடி வரைக்கும் உள்ள நேரம் அது. சென்னை பெரிய நிலையம். அங்கே ஓடுபாதை முனை வரைக்கும் உருண்டு போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் இருக்காது. இறங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், ஓடுபாதைக்கு நேராக வர ஒரு வளைவு எடுக்க வேண்டும். பத்து நிமிடத் தாமதம் வந்தாலும் அட்டவணை குலையாதபடி கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள்.

இதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சி – பலாலி 185 கி.மீ., அட்டவணையில் ஒரு மணி நேரம். சென்னை – பலாலி 355 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, நேரம் கால் மணி மட்டும் கூட. இரண்டிலும் ஒரே வகை விமானம். மேலதிகமான 170 கி.மீற்றரை 500 வேகத்தில் கடக்க இருபது நிமிடம் போதும். ஆக, எந்தத் திசையில் போனாலும் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் விமானத்தின் சொந்தச் செலவு. அது தூரத்தோடு கூடாது, குறையாது. குறுந்தூரப் பயணத்தில் அதுதான் பாதிக்குப் பாதி.

மாமா சொல்லும் ஜெட்டையும் பாருங்கள். கொழும்பு – சென்னை 645 கி.மீற்றருக்கு அட்டவணையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போடுகிறார்கள். வானத்திலேயே மிச்சமில்லை. தரையில் எவ்வளவு இழப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோப்பாய்ப்பிள்ளை

அண்ணை, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. மிக்க நன்றி. இரண்டு நாட்டுக்கும் நேர வித்தியாசம் ஏதும் இருக்கிறதா? அட்டவணையைப் பார்க்கும்போது அதையும் சேர்க்க வேண்டுமா?

பத்தாம்பாகை

இல்லை அக்கா. 2006 ஏப்ரலில் இருந்து இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரம்தான். அதற்கு முன் பத்து வருடம் இங்கே மணிக்கூட்டை முன்தள்ளி வைத்திருந்தார்கள்.

வாடைக்காற்று

அந்தப் பத்து வருடமும் புலிகள் வைத்திருந்த வன்னியில் பழைய நேரம்தான் ஓடியது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தால் மணிக்கூட்டை மாற்ற வேண்டும். ஒரே நாட்டுக்குள் இரண்டு நேரம் வைத்து வாழ்ந்த சனம் நாங்கள். இப்போது சென்னைக்குப் போனாலும் கையில் கட்டியதைத் தொடத் தேவையில்லை.

தொண்டைமானாற்றான்

பழசு ஒன்று சொல்லட்டும். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை போட்டது. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் அந்தக் கால விமான நிறுவனமான ஏயார் சிலோன் தன் முதற் பயணத்தையே இரத்மலானையிலிருந்து இவ்விடம் வந்து மதராசுக்குப் போவதாகத்தான் தொடங்கியது. அப்போது அந்த நிலையத்தைக் காங்கேசன்துறை என்றே எழுதுவார்கள். விமானம் டக்கோட்டா. அது மணிக்கு 300 கி.மீற்றருக்குள் பறக்கும். தம்பி போட்ட 355ஐ வைத்துப் பார்த்தால் அன்றும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் மதராசில் இறங்கியிருப்பார்கள். நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சென்னை!

பிறகு திருச்சிக்கும் ஓடியது. என் பெரியையா காலத்து ஆட்கள் கலியாணக் கூறை எடுக்கத் திருச்சிக்குப் போய் வந்த கதையை நாங்கள் கேட்டே வளர்ந்தோம். அவர்களுக்கு அது வெளிநாட்டுப் பயணம் இல்லை, சந்தைக்குப் போய் வருவது.

எழுபதுகளின் கடைசியில் ஏயார் சிலோன் மூடப்பட்டது. அதன் பிறகு இந்தியாவுக்கு மறுபடி வழி திறந்தது 2019 அக்டோபர் 17 அன்று. நவம்பரில் வழமையான சேவை தொடங்கியது, 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பர் 12 அன்று திரும்பவும் வந்தது. 2024 செப்டம்பரில் இன்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது, 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும். இடையில் போனது நாற்பது வருடம். அந்த நாற்பது வருடத்திலும் தூரம் மாறவில்லை.

மணற்காடு

ஐயா சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். 2006 ஆகஸ்டில் போரினால் ஏ9 தரைப்பாதையை மூடிய பிறகு கொழும்புக்குப் போக விமானமும் கப்பலும் மட்டும்தான். இரத்மலானை 330 கி.மீ., வானத்தில் ஒரு மணி நேரம் சொச்சம். ஆனால் அனுமதி எடுக்க வரிசை, பொதிகளைக் கொட்டிச் சோதனை, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கொண்டுபோவது, மறுபடி சோதனை, காத்திருப்பு. விடியப் போனால் பின்னேரம்தான் போய்ச் சேருவோம். விமானமும் நேராகப் போவதில்லை. வன்னி நிலத்தைத் தவிர்த்து மேற்குக் கடல் பக்கமாகத்தான் போகும். அந்த நாட்களில் இந்த மாதிரித் தூரக் கணக்குத் தளத்தை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்கும் முன்பு 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து அதில் இருந்த 55 பேரும் போனார்கள். சிதைவு இரணைதீவுப் பக்கம் கடலுக்கடியில் 2012இல்தான் கிடைத்தது. அதில் உறவைக் கொடுத்த வீடுகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. பலாலி என்றால் சந்தோஷமாக மட்டும் நினைக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

தொண்டைமானாற்றான்

உண்மை தம்பி. மறக்கக்கூடாத நாள்.

மலைக்கோட்டை

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். கோப்பாய் அக்கா, ஆஸ்பத்திரி எந்த ஊரில் என்று நீங்கள் சொல்லவே இல்லையே? சென்னையா, மதுரையா? கண் வைத்தியம் என்றதும் எனக்கு மதுரை அரவிந்த் ஞாபகம்தான் வந்தது. 1976ல் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி, இன்றைக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். மதுரை என்றால் சென்னைக்குப் போகவே போகாதீர்கள். சென்னையிலிருந்து மதுரை 460 கிலோமீட்டர். திருச்சியில் இறங்கினால் கார் வைத்து இரண்டரை மணி நேரம், நாலு வழிச்சாலை, அம்மா காலை நீட்டிக்கொண்டு வரலாம். திருச்சி ஏர்போர்ட்டில் புது முனையம் வந்த பிறகு நடப்பதற்கும் நன்றாக இருக்கிறது, சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள்.

கோப்பாய்ப்பிள்ளை

அண்ணா, மதுரைதான்! சென்னைக்கு விமானம் இருப்பதால் அங்கே இறங்கி ரயிலில் போகலாம் என்று நினைத்திருந்தேன். திருச்சியிலிருந்து பலாலிக்கு வருவதை இந்த இழையில்தான் அறிந்தேன்.

அம்மாவுக்கு விழித்திரையில் பிரச்சினை. இங்கே பரிசோதித்துவிட்டு, சத்திரசிகிச்சை வேண்டியிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மருந்துச்சாலை

பிள்ளை, ஒரு நிமிடம். நான் கண் விடுதியில் தாதியாக வேலை செய்தவள். இவ்வளவு நேரமும் கண்புரைக்குத்தான் போகிறீர்கள் என்று நினைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். புரை என்றால் யாழ்ப்பாணத்திலேயே செய்யலாமே என்று எழுத வந்தேன். விழித்திரை என்றால் கதையே வேறு. நீங்கள் விமான நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதை வாசியுங்கள்.

விழித்திரை கழன்றிருந்தாலோ அதில் ஓட்டை இருந்தாலோ செய்யும் சத்திரசிகிச்சையில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விடுவார்கள். அந்தக் குமிழி விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடித்து ஒட்ட வைக்கும், பிறகு தானாகக் கரைந்துவிடும். ஒரு வகை வாயு இரண்டு மூன்று கிழமையில் கரையும், இன்னொரு வகைக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை எடுக்கும். குமிழி கண்ணுக்குள் இருக்கும்வரை விமானத்தில் ஏறவே கூடாது. மேலே போகும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், குமிழி விரியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பார்வையே போய்விடக்கூடும்.

இதில் ஒரு மணி நேரமா, ஒன்றேகால் மணி நேரமா என்ற பேச்சே இல்லை. கால் மணி நேரம் பறந்தாலும் ஆபத்து ஆபத்துத்தான். "பக்கத்து ஊர்தானே, கிட்டத்தானே" என்று நினைத்து ஏறிவிடாதீர்கள். மலைக்குப் போவதும் இதே மாதிரிதான். மதுரையில் சும்மா இருக்கிறோம், கொடைக்கானலைப் பார்த்துவிட்டு வருவோம் என்று யாராவது கூப்பிட்டாலும் போகக்கூடாது.

வாயுவுக்குப் பதிலாகச் சிலிக்கோன் எண்ணெய் வைப்பதும் உண்டு. அப்படி வைத்தால் விமானத்துக்கு இந்தத் தடை இல்லை, ஆனால் பிறகு அதை எடுக்க இன்னொரு சத்திரசிகிச்சை வரலாம். கண்ணுக்குள் ஊசி போடுவதும், லேசர் பிடிப்பதும் வேறு, அவற்றுக்கு இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. அம்மாவுக்கு எது என்று வைத்தியர்தான் முடிவு செய்வார். நீங்கள் முதல் சந்திப்பிலேயே, "நாங்கள் இலங்கையிலிருந்து விமானத்தில் வந்தோம், விமானத்தில்தான் திரும்ப வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கணக்கில் எடுத்துத்தான் அவர்கள் தீர்மானிப்பார்கள்.

திரும்பும் திகதியைப் போட்டு ரிக்கெற் எடுக்காதீர்கள்.

கோப்பாய்ப்பிள்ளை

அக்கா, கை நடுங்குகிறது. போய் வர ஒரு கிழமை போதும் என்று நினைத்து, எட்டாம் நாள் திரும்புவதாக ரிக்கெற் எடுக்க இருந்தேன். இதை எனக்கு யாருமே சொல்லவில்லை.

மருந்துச்சாலை

பயப்பட ஒன்றுமில்லை பிள்ளை. முன்னமே தெரிந்துகொண்டீர்கள், அதுதான் முக்கியம். இப்போது திட்டத்தை மாற்ற நேரம் இருக்கிறது. சிலருக்கு முகத்தைக் கவிழ்த்துப் படுத்திருக்கச் சொல்வார்கள், அதற்கும் நல்ல அறை ஒன்று வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மாத வாடகைக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று பாருங்கள்.

நாகைக்கடல்

விமானத்தில் ஏறக்கூடாது என்றால் கப்பல் இருக்கிறதே. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை. 2023 அக்டோபர் 14ல் தொடங்கினார்கள், 2024 ஆகஸ்டிலிருந்து சிவகங்கை என்ற கப்பல் ஓடுகிறது. தூரம் 60 கடல் மைலுக்குள், அதாவது 110 கி.மீ. அளவு. நாலு மணி நேரம். கடல் மட்டத்திலேயே போவதால் அழுத்தப் பிரச்சினை கிடையாது. மதுரையிலிருந்து நாகைக்கும் காரில் வந்துவிடலாம்.

வாடைக்காற்று

நல்ல யோசனை, ஆனால் மாதத்தைப் பார்க்க வேண்டும். வாடை தொடங்கிவிட்டால் பாக்குநீரிணை சும்மா இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், கிழமைக் கணக்கில் ஓடாமலும் இருக்கும். தை பிறந்த பிறகு கடல் படியும். பங்குனி, சித்திரையில் வடிவாகப் போகலாம்.

மருந்துச்சாலை

கப்பல் என்றாலும் வைத்தியரிடம் ஒருக்கால் கேளுங்கள். அழுத்தம் பிரச்சினை இல்லை, சரி. ஆனால் நாலு மணி நேர ஆட்டமும் வாந்தியும் புதிதாகச் சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்கு நல்லதில்லை. குமிழி கரையும்வரை மதுரையில் இருப்பதுதான் என் விருப்பம்.

மயிலிட்டியூர்

அம்மாவுக்குக் கண் சுகமாக வேண்டும், அதுதான் முதல். விமான நிலையத்தைப் பற்றி எல்லாரும் எழுதுவதால் நானும் ஒன்று எழுதுகிறேன்.

1990 ஜூனில் போரினால் நாங்கள் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டோம். காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் கிடைத்தது. ஆனால் விமான நிலையத்தைச் சுற்றி இன்னும் விடாத காணிகள் இருக்கின்றன, அவற்றின் உறுதிப் பத்திரம் எங்கள் கையில்தான் இருக்கிறது. ஓடுபாதையை நீட்ட வேண்டும், ஜெட் வர வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. எனக்கும் விருப்பம்தான். என் பிள்ளைகளும் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள், அவர்கள் நேராகப் பலாலியில் வந்திறங்கினால் சந்தோஷப்படுகிறவன் நான். ஆனால் நீட்டுவதற்கு முன்னால் காணிக்காரனைக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும். எந்தக் காணி தேவை, எது தேவையில்லை என்று வரைபடத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். தேவையில்லாததை உடனே விட வேண்டும், தேவையானதற்கு நியாயமான ஈடு தர வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக வாடகை வீட்டில் இருக்கும் ஆட்களுக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

ஓடுபாதை23

முழுமையாக உடன்படுகிறேன் அண்ணை. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஓடுபாதையை நீட்டினால் சென்னைப் பயணம் வேகமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. 355 கி.மீற்றரில் ஜெட் முழு உயரத்துக்கு ஏறி நிமிர்வதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். மிஞ்சிப்போனால் பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமாகும், அவ்வளவுதான். இந்தத் தூரத்துக்கு ஏ.டி.ஆர்.தான் பொருத்தம், எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். நீண்ட ஓடுபாதை தேவைப்படுவது தூர ஊர்களுக்கு. மத்திய கிழக்கிலிருந்து நேராக வருவது போன்ற சேவைகளுக்கு. ஆகவே சென்னையைக் காட்டி யாரையும் அவசரப்படுத்தத் தேவையில்லை. ஆறுதலாக, சனத்தோடு கதைத்து முறையாகச் செய்யலாம்.

பத்தாம்பாகை

அண்ணை, உங்கள் பெயரில் உள்ள 23 என்பது பலாலி ஓடுபாதையின் எண்தானே? காற்றுக்கு ஏற்ப நேரம் மாறுமா?

ஓடுபாதை23

நீ கேட்பாய் என்று நினைத்தேன் தம்பி. ஆம், அதுதான். பலாலி ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்கு நோக்கி இறங்கினால் 23, வடகிழக்கு நோக்கி இறங்கினால் 05. விமானம் எப்போதும் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் இறங்கும், ஏறும். எங்கள் ஊர்ப் பெடியன்கள் பட்டம் ஏற்றும்போது காற்றுக்கு எதிராக ஓடுவது போலத்தான்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் 23 பக்கம் இறங்குவது வழக்கம். வடக்கிலிருந்து வரும் விமானம் வல்வெட்டித்துறைப் பக்கக் கடலுக்கு மேலாக வந்து நேரே இறங்கிவிடும். வாடை (வடகிழக்குக் காற்று) வீசும்போது 05 பக்கம், அப்போது குடாநாட்டைத் தாண்டிப் போய்த் தென்மேற்கிலிருந்து திரும்பி வர வேண்டும். கொஞ்ச நிமிடம் கூடும். சென்னையில் இதற்கு மறுவளம். அங்கே பெரிய ஓடுபாதை கிழக்கு – மேற்காகக் கிடக்கிறது. வாடையில் கிழக்கே கடல் பக்கம் ஏறித் தெற்கே திரும்பிவிடலாம், சோளகத்தில் நிலத்துப் பக்கம் ஏறிச் சுற்றி வர வேண்டும். ஒரு பக்கம் கிடைப்பது மறுபக்கம் போய்விடும். பாதை வடக்குத் தெற்காக இருப்பதால் இரண்டு காற்றும் ஓரளவு பக்கவாட்டில்தான் படும். லண்டன் போகும் விமானத்துக்குப் போல முன்காற்று ஒரு மணி நேரத்தைத் தின்பதெல்லாம் இங்கே இல்லை.

மழைக்காலத்தில் முகில் தாழ்ந்து ஓடுபாதை தெரியாவிட்டால் விமானம் இறங்காமல் திரும்பிவிடும். கார்த்திகை, மார்கழியில் போகிறவர்கள் ஒரு நாளை மிச்சமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிச் சந்திப்பை வந்திறங்கும் அன்றே வைக்கக்கூடாது.

கோப்பாய்ப்பிள்ளை

அப்படியே செய்கிறேன். இப்போது என் திட்டம் இதுதான். மாசி மாதம் பலாலியிலிருந்து திருச்சிக்கு, அங்கிருந்து காரில் மதுரைக்கு. இரண்டு நாள் கழித்துத்தான் வைத்தியரைப் பார்ப்பது. திரும்புவதற்குத் திகதி போடவில்லை. வாயு வைத்தால் கரையும்வரை நானும் வேலையிலிருந்து விடுப்பு எடுத்து அம்மாவோடு நிற்பேன். அதற்காக இன்றைக்கே மேலாளரிடம் கதைத்துவிட்டேன்.

இரண்டு கேள்வி மட்டும் மிச்சம். வீட்டிலிருந்து மதுரை வரை மொத்தம் எவ்வளவு நேரம் வரும்? அந்தச் சின்ன விமானத்தில் அம்மா எப்படி ஏறுவார்?

ஓடுபாதை23

கோப்பாயிலிருந்து பலாலி அரை மணி நேரத்துக்குள். இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பறப்பது ஒரு மணி நேரம். திருச்சியில் குடிவரவு, பொதி எடுப்பது எல்லாம் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். பிறகு மதுரைக்கு இரண்டரை மணி நேரம். இடையில் சாப்பிட நிறுத்தினாலும் எட்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கொழும்பு வழியாகப் போனால் கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேரவே இந்த நேரம் முடிந்திருக்கும்.

ஏறுவதற்குப் பயப்பட வேண்டாம். ஏ.டி.ஆரில் வாசல் பின்பக்கம் இருக்கிறது, விமானத்தோடு சேர்ந்த படிகள், எண்ணிக்கையும் குறைவு. பெரிய ஜெட்டுக்கு வைக்கும் ஏணிப்படியில் அம்மா ஏற வேண்டியதில்லை. பின் வரிசைகளில் நடைபாதை ஓரமாக இடம் எடுங்கள். வாசலுக்குக் கிட்ட இருக்கும், முன்னுக்கு நடக்கத் தேவையில்லை, இறங்கும்போதும் முதலாவதாக இறங்கலாம். ரிக்கெற் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள், படியேற முடியுமா முடியாதா என்றும் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். கைப்பொதி சின்னதாக இருக்கட்டும், மேலே உள்ள பெட்டி சிறியது. கண் மருந்தும் வைத்திய அறிக்கைகளும் அந்தக் கைப்பொதிக்குள் இருக்க வேண்டும்.

மலைக்கோட்டை

விசாவை மறந்துவிடாதீர்கள். அம்மாவுக்கு மருத்துவ விசா, உங்களுக்கு உடன் வருபவர் விசா. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் கேட்டு வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், எட்டு வாரம் தங்க வேண்டி வந்தாலும் போதுமானதாக இருக்க வேண்டும்.

மருந்துச்சாலை

திரும்பும்போது வைத்தியரிடமிருந்து, விமானத்தில் பயணம் செய்யலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். குமிழி முழுவதும் கரைந்துவிட்டதா என்று அவர் கண்ணுக்குள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அம்மா "எனக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. வாயு வைத்தவர்களுக்குக் கையில் ஒரு பட்டி கட்டிவிடுவதும் உண்டு. அப்படிக் கட்டினால் கரையும்வரை கழற்ற விடாதீர்கள், பல்லுப் பிடுங்கப் போனாலும் அதைக் காட்ட வேண்டும். சில மயக்க வாயுக்களும் குமிழியை விரிக்கும்.

கோப்பாய்ப்பிள்ளை

எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மாமாவும் பக்கத்தில் இருந்து கேட்டார், பலாலிக்குத் தானே கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கடிதத்துக்கு எழுதிவிட்டேன். பதில் வந்ததும் விசாவுக்குப் போடுகிறேன்.

தொண்டைமானாற்றான்

நல்லது பிள்ளை. மாசியில் என்றால் செல்வச்சந்நிதியில் ஓர் அருச்சனை செய்து வைக்கிறேன், அம்மாவின் பெயரும் நட்சத்திரமும் தனிமடலில் அனுப்பிவிடு.